தொரப்பள்ளிக்கு ஓர் இரவுப் பயணம்

பொம்மனஹள்ளியில் வாழும் நம்மவர்களை ஆள்பவை இரண்டு. ஒன்று ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளின் வேலை நேரம். மற்றொன்று தண்ணீர் வரும் வேளை. இவ்விரண்டிற்கும் இடையில் மாதம் ஓரிரவு சைக்கிளில் வெளியூர் சென்று, மரத்தடியில் படுத்துறங்கி மீள்கிறோம் என்றால், "உங்களுக்கு மட்டும் நேரம் எங்கிருந்து வருகிறது?" என்று அன்பர்கள் கேட்கின்றனர். நியாயமான கேள்விதான்.

நாங்கள் நால்வர். எங்களுள் ரயில்வேயில் இருப்போர்க்கு 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டம் வாரந்தோறும் 30 மணி நேரத்திற்குக் குறையாத தொடர் ஓய்வை அளிக்கிறது. ஆனால் அது எந்தக் கிழமையில் விழும் என்பது முறைப்பட்டியலின் திருவுள்ளம். ஆடைத் தொழிலாளர்க்கோ ஞாயிறு ஒன்றே. இரண்டும் பொருந்தும் ஞாயிறு மாதத்தில் ஒன்று கிடைத்தால் பெரிது. அந்த நாளுக்குத்தான் ரேஷன் கடையும், உறவினர் திருமணமும், பிள்ளையின் கணக்குப் பாடமும் காத்திருக்கின்றன.

கலிபோர்னியாவில் சைக்கிள் தயாரித்து விற்கும் கிராண்ட் பீட்டர்சன் என்பவர் இதற்கொரு வழி சொல்லியிருக்கிறார். நீண்ட பயணத்திற்கு விடுமுறை வேண்டும். வேலை முடிந்த மாலையில் புறப்பட்டு மறுநாள் காலை திரும்புவதற்கு விடுமுறை வேண்டுவதில்லை. இதற்கு 'இருபத்து நான்கு மணிக்குட்பட்ட இரவுத் தங்கல்' என்ற பொருளில் ஒரு பெயரும் சூட்டினார். இன்னும் பழையவர் இங்கிலாந்தின் தாமஸ் ஹைரம் ஹோல்டிங். அயர்லாந்தில் சைக்கிளும் கூடாரமுமாகச் சுற்றி, 1898இல் அதை நூலாக்கி, 1901இல் சைக்கிள் கூடாரவாசிகளுக்கென ஒரு சங்கமும் கண்டவர். தொழிலால் அவர் தையற்காரர். இதைக் கேட்டது முதல் எங்கள் ஆடைத் தொழிலாள நண்பர் சற்று நிமிர்ந்தே சைக்கிள் மிதிக்கிறார்.

சனிக்கிழமை மாலை ஆறரை மணிக்குப் புறப்படுவோம். எலக்ட்ரானிக் சிட்டி வரை மேம்பாலத்தின் கீழே பக்கச் சாலை. பிறகு பொம்மசந்திரா, சந்தாபுரா, அத்திப்பள்ளி. ஓசூருக்கு ஏறக்குறைய 30 கிலோமீட்டர். அங்கிருந்து இன்னும் 10 கிலோமீட்டர் சென்றால் தொரப்பள்ளி. தெரிந்தவர் ஒருவரின் மாந்தோப்பில் அனுமதி பெற்றுத் தார்ப்பாய் விரித்து, கட்டுச்சோற்றை அவிழ்க்கும்போது மணி பத்தைத் தாண்டிவிடும். தளி, ஜவளகிரிப் பக்கம் காடு அழகானதே. ஆயினும் பன்னேர்கட்டாவிலிருந்து யானைகள் நடமாடும் வழி அது. இரவில் அங்கே சைக்கிளுக்கு வேலையில்லை.

ரயில்வேக்காரர் துணையிருக்கச் சைக்கிளை ரயிலில் ஏற்றலாகாதா என்பார் உண்டு. சைக்கிளுக்கு இலவச எடை கிடையாது. தனியே பதிவு செய்து பிரேக் வண்டியில் ஏற்ற வேண்டும். அதற்குக் காத்திருக்கும் நேரத்தில் மிதித்தே அத்திப்பள்ளியைக் கடந்துவிடலாம்.

தொரப்பள்ளியில்தான் இராஜாஜி 1878 டிசம்பர் 10ஆம் நாள் பிறந்தார். பிறந்த வீடு நினைவில்லமாக உள்ளது. ஓசூரில் பயின்று, பின்பு பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியில் 1894இல் பட்டம் பெற்றவர் அவர். கல்விக்காகவும் பிழைப்பிற்காகவும் பெங்களூரை நோக்கிய பாதையில் நமக்கு முன்னே எத்தனை பேர் சென்றிருப்பர் என்று அவ்வீட்டின் முன் நின்றால் தோன்றுகிறது. பெங்களூரிலேயே பிறந்த நம் பிள்ளைகளை ஒருமுறையேனும் இங்கே அழைத்து வரவேண்டும்.

திரும்பும்போது ஒருமுறை கெலவரப்பள்ளி அணைப் பக்கம் சென்றோம். நந்திமலைப் பகுதியில் பிறக்கும் தென்பெண்ணை அங்கே வெண்ணுரை பொங்கக் கிடந்தது. நாற்றம் தாங்கவில்லை. பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளில் விழும் நகரத்துச் சாக்கடையும் சோப்பு நீரும் இவ்வாற்றில்தான் வந்து சேர்கின்றன. அதைக் கொண்டே ஓசூர் உழவர் பயிர் செய்கின்றனர். சென்ற வாரம் எங்கள் வீடுகளில் துணி அலசிய நீரும் இதில் இருக்குமோ என்று ஒருவர் கேட்டார். எவரும் விடை சொல்லவில்லை. அன்று காலைப் பலகாரம் ருசிக்கவில்லை.

நேரத்தின் கணக்கிற்கு வருவோம். அதை நாங்கள் எங்கிருந்தும் படைத்துவிடவில்லை. வீட்டுப் பெண்களிடமிருந்து பெற்றோம் என்பதே உண்மை. 2024ஆம் ஆண்டுக் கோடையில் ஆழ்துளைக் கிணறுகள் வற்றி, லாரித் தண்ணீருக்கு நள்ளிரவு வரை காத்திருந்த மாதங்களில் எங்கள் சைக்கிள்கள் அசையவேயில்லை. அவ்வாண்டு அக்டோபரில் காவிரி ஐந்தாம் கட்டக் குடிநீர்த் திட்டம் தொடங்கப்பெற்றது. மீண்டும் பயணப் பேச்சை எடுத்தபோது, ஆறு நாளும் தையல் இயந்திரத்தின் முன் அமரும் இல்லத்தரசி ஒருவர், "ஞாயிறு எங்களுக்கும் ஒன்றுதானே இருக்கிறது?" என்றார். குரலை உயர்த்தவில்லை, உயர்த்தியிருந்தால் பதில் சொல்லுவது எளிதாயிருந்திருக்கும்.

ஆகவே இப்போது முறை வைத்திருக்கிறோம். ஒரு மாதம் எங்களுக்கு, மறுமாதம் அவர்களுக்கு. எங்கள் முறையில் ஞாயிறு காலை பத்து மணிக்குள் வீடு வந்து, அன்றைய சமையலும் துவையலும் எங்களைச் சேரும். வரும் மாதம் அவர்கள் முறை. சனி மாலை பேருந்தில் ஓசூர் சென்று, உறவினர் வீட்டில் தங்கி, மறுநாள் சந்திரசூடேசுவரர் மலைக்கோயிலுக்குப் போவதாக ஏற்பாடு. தோசை மாவு அரைக்க அரிசிக்கு உளுந்து எவ்வளவு என்பதை நாங்கள் நால்வரும் இப்போதே கேட்டு எழுதி வைத்திருக்கிறோம்.