பஞ்சிகாவத்தையில் வாங்கிய கேபிள்

கொழும்புக்கு வருகிற எங்கள் பெண்கள் வெள்ளவத்தைப் புடைவைக் கடைகளையும் காலிமுகத்திடலையும் பார்த்துவிட்டு ஊர் திரும்புவார்கள். மருதானைக்குப் பக்கத்தில் இருக்கும் பஞ்சிகாவத்தையை யாரும் பார்க்கப் போவதில்லை. வாகன உதிரிப்பாகங்களுக்கு இலங்கை முழுவதும் பெயர்பெற்ற இடம் அது. கடைவாசல்களில் கழற்றிய கதவுகளும் சைலன்சர்களும் தொங்கும். நிலமெல்லாம் ஒயில் கறை. சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் நடக்கவேண்டும்.

2011 ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை, வெள்ளவத்தையில் 100 ஆம் இலக்க பஸ் ஏறி, புறக்கோட்டையில் இறங்கி, ஓட்டோ பிடித்து அங்கே போனேன். கைப்பையில் அறுந்துபோன அக்சிலறேற்றர் கேபிள் ஒன்று இருந்தது. அதன் நுனியில் ஒரு பாலைக் குச்சி சுற்றியபடியே கிடந்தது.

அந்தக் குச்சி வன்னியில் கிடைத்தது. உங்களில் பலரைப் போல நாங்களும் சண்டை முடிந்தபின் காணிக்குத் திரும்புவதற்காகப் பத்திரங்களோடு அலைந்துகொண்டிருந்தோம். ஒட்டுசுட்டானுக்குப் பக்கத்தில் அப்பாவின் இரண்டு ஏக்கர். முதல் வாரம் ஒருநாள், பின்னேரம் நான்கு மணிக்குள் உறுதியின் பிரதியை நேரில் கொடுக்கவேண்டியிருந்தது. நேரத்துக்குப் பஸ் இல்லை. வவுனியாவில் ஒன்றுவிட்ட தம்பியின் பழைய ஹொண்டா எம்.டி. 90 ஐ இரவல் வாங்கிக்கொண்டு தனியாகப் புறப்பட்டேன். ஜப்பானில் தபால்காரருக்கென்று செய்த மோட்டார் சைக்கிள் அது.

புளியங்குளத்தில் ஏ9 வீதியை விட்டுத் திரும்பி, நெடுங்கேணியும் கழிந்தது. அதற்குப் பிறகு கிரவல் றோட்டும் காடும்தான். ஒரு பள்ளத்தில் விழுந்து எழும்பியபோது அக்சிலறேற்றரைத் திருகினேன். கைபிடி சும்மா சுற்றியது. எஞ்சின் நின்ற இடத்திலேயே முனகியது.

றோட்டின் இரண்டு பக்கமும் மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைகள். நிழலுக்கு மரங்கள் இருந்தன, கால் வைக்கத்தான் முடியாது. வேறு தேவைக்கும் ஒதுங்க முடியாது. அந்தச் சிரமத்தைப் பெண்களுக்குச் சொல்லி விளங்கப்படுத்தத் தேவையில்லை. கைத்தொலைபேசிக்குச் சிக்னல் இல்லை. பொழுதுபட்டால் யானை வரும் என்று நெடுங்கேணியில் சொல்லித்தான் அனுப்பினார்கள்.

கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு சீற்றுக்குக் கீழே கையை விட்டேன். ஒரு குறடு, ஒரு ஸ்குறூ டிறைவர், ஒரு பழைய ரியூப் நாடா.

1990 ஆனியில் சண்டை மீண்டும் தொடங்கியபின், பெற்றோல், பற்றறி, உதிரிப்பாகம் எல்லாம் வடக்குக்குத் தடை. வாகனங்கள் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் இலகுவில் ஆவியாகாது. அதனால் சிறு பிளாஸ்ரிக் போத்தலில் பொத்திப் பொத்தி வைத்திருக்கும் பெற்றோலில் நாலு சொட்டைக் காபரேற்றருக்குள் பீச்சி, ஸ்ராட் செய்து, சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓடவிடுவோம். பிளக்கில் கரி பிடிக்கும். அதைக் கழற்றி அரத்தாளால் தேய்ப்பது என் வேலை. அண்ணா இல்லாத வீட்டில் வேறு யார் செய்வது? இன்றைக்கு அதையெல்லாம் பெரிய சாமர்த்தியம் என்று எழுதுகிறார்கள். அந்தப் புகையைக் குடித்த எங்களுக்கு அதில் பெருமைப்பட அதிகமில்லை. ஆனாலும் கை மறக்கவில்லை.

கைபிடியோடு இருந்த இரண்டு ஆணிகளையும் கழற்றினேன். கம்பி நுனியிலுள்ள ஈயக் குமிழ் அறுந்து கிடந்தது. பிடிக்கக் கம்பி போதவில்லை. கேபிளின் வெளி உறையில் நான்கு விரல் அகலத்தைக் குறட்டால் வெட்டி எடுத்தேன். வெளியே தெரிந்த கம்பியை, றோட்டில் கிடந்த குச்சியில் மூன்று சுற்றுச் சுற்றி முறுக்கினேன். இழுத்தால் உறையும் சேர்ந்து வந்தது. உறையின் வாயை ரியூப் நாடாவால் ஹாண்டிலோடு இறுக்கிக் கட்டியபிறகுதான் எஞ்சின் வேகம் எடுத்தது.

குச்சியை விட்டதும் காபரேற்றருக்குள் இருக்கும் ஸ்பிரிங் வேகத்தைத் தானாகவே குறைத்துவிடும். கை நோகிறது என்று குச்சியை எங்காவது கட்டிவைத்துவிட்டு மட்டும் ஓடாதீர்கள், அது உயிருக்கு ஆபத்து. வலது கை குச்சியில் இருப்பதால் முன் பிறேக் பிடிக்க முடியாது. காற்பிறேக் மட்டும்தான். எம்.டி. 90 க்குக் கிளச் பிடிக்கத் தேவையில்லை, அதனால் தப்பினேன்.

இரண்டாம் கியருக்கு மேலே போகவில்லை. நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, தலையிலிருந்து கால்வரை செம்புழுதியோடு போய் நின்றேன். பிரதியில் என் விரலடையாளம் கறுப்பாகப் பதிந்திருந்தது. அலுவலர் அதைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. பெயரைப் பதிந்தார்.

வவுனியாவில் அந்தக் கேபிள் அகப்படாததால்தான் பஞ்சிகாவத்தைக்குப் போனேன். கடை முதலாளி குச்சியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மகன் செய்ததோ?"

"நான்தான் செய்தேன்."

உள்ளே நின்ற பெடியனைக் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு, "இரண்டாக எடுங்கோ தங்கச்சி. ஒன்றைப் பூட்டிவிட்டு, மற்றதை அதன் பக்கத்திலேயே ஓடவிட்டுக் கட்டிவையுங்கோ. அறுந்தால் நுனியை மாற்றிக் கொளுவினால் சரி," என்றார். இத்தனை வருடத்தில் இது எனக்குத் தோன்றவில்லையே!

மத்தியானம் கொட்டாஞ்சேனையில் சின்னம்மா வீட்டில் சாப்பாடு. செவ்வாய்க்கிழமை என்பதால் கொச்சிக்கடை அந்தோனியார் கோவில் சனத்துக்குள் ஓட்டோ ஊர்ந்துதான் வந்தது. கேபிள்களைப் பார்த்ததும் சின்னம்மா, "இஞ்ச லொட்ஜில நிண்ட ஊராக்கள் அந்த நாளையில இப்பிடித்தான் வாங்கி உடுப்புக்குள்ள சுத்திக்கொண்டு போறவை. தாண்டிக்குளத்தில பறிகுடுத்திட்டு அழுதவையும் இருக்கினம்," என்றார்.

அடுத்த மாதம் இரண்டாவது கேபிளையும் கட்டிக்கொண்டு அதே மோட்டார் சைக்கிளில் தாண்டிக்குளத்தைக் கடந்தேன். ஓமந்தையில் மறித்து அடையாள அட்டையைப் பார்த்தார்கள். கேபிளைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.