சாமி வரல, சீனிதான் இறங்குச்சு

முருகன் துணை.

தைப்பூசத்துக்கு இன்னும் சில வாரம்தான் இருக்கு. அதுக்கு முன்னால ஒரு விஷயத்தை உங்ககிட்ட சொல்லிடணும். பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

போன தைப்பூசத்துல தேர் இழுக்கும்போது நான் கீழ விழுந்தது பல பேருக்கு ஞாபகம் இருக்கும். உடம்பு நடுங்குச்சு, வேர்த்துக் கொட்டுச்சு, கண்ணு சொருகிடுச்சு. பக்கத்துல இருந்தவங்க "சாமி வந்திருச்சு"ன்னு திருநீறு பூசினாங்க. உறுமியை இன்னும் பலமா அடிச்சாங்க. ஒரு அக்கா என் காலைத் தொட்டுக் கும்பிட்டு, மகனுக்கு வேலை கிடைக்குமான்னு வாக்கு கேட்டாங்க. நான் "தண்ணி... தண்ணி"ன்னு முனகினேன். குடிக்கக் கேட்ட தண்ணியை ஒரு குடம் கொண்டு வந்து என் காலுல ஊத்தினாங்க!

தண்ணீர்ப் பந்தல்ல நின்ன ஒரு தம்பிதான் சந்தேகப்பட்டு, சிரப் தண்ணியை வாயில ஊத்தினான். கொஞ்ச நேரத்துல தெளிஞ்சு உட்கார்ந்தேன்.

அது சாமி இல்லைங்க. எனக்கு ஆறு வருஷமா இனிப்பு நீர் இருக்கு. விரதம்னு காலையில ஒண்ணும் சாப்பிடல, மாத்திரையை மட்டும் போட்டுக்கிட்டு வெயில்ல தேர் இழுத்தேன். சீனி ரொம்ப கீழ இறங்கிடுச்சு. மறுநாள் கிளினிக்ல டாக்டர் சொன்னாங்க, "அங்கிள், அந்தப் பையன் இல்லன்னா நிலைமை வேற மாதிரி போயிருக்கும்".

இதை நான் கோயில்ல யார்கிட்டயும் சொல்லல. சொல்ல வெட்கம். 25 வருஷமா தொண்டு செய்யறவன், கையுறை தொழிற்சாலையில 40 பேரை வேலை வாங்கறவன், எனக்கு நோயான்னு ஒரு வீம்பு. சாமி வந்த ஆளுன்னு நாலு பேரு மரியாதையா பார்த்ததும், உண்மையைச் சொன்னா, மனசுக்கு இதமாத்தான் இருந்துச்சு.

மறைக்கிற பழக்கம் எங்க குடும்பத்துலயே உண்டு. அப்பா பால் வெட்டுத் தொழிலாளி. காலுல வந்த புண்ணை சப்பாத்துக்குள்ள மறைச்சு வச்சே பெரட்டுக்குப் போனாரு. தெரிஞ்சப்போ ரெண்டு விரலை எடுக்க வேண்டியதாப் போச்சு. அவரை நினைச்சுத்தான் நடக்க ஆரம்பிச்சேன்.

எங்க நடக்கறது? வீடமைப்புப் பகுதியில பத்து தடவை சுத்தினா நாய்க்கே சலிச்சுப் போகும். நம்ம கோயிலுக்குப் பின்னால பழைய தோட்டத்து ரோடு இருக்கே, அங்க போனேன். முதல் மாசம் வெறும் நடைதான். அப்புறம் ரெண்டு விளக்குக் கம்பத்துக்கு இடையில ஓட்டம், அடுத்த ரெண்டுக்கு நடை. இப்போ மூணு பாதை கைவசம் இருக்கு.

முதல் பாதை 3 கிலோமீட்டர். பெரும்பாலும் சமதரை. பழைய பெரட்டுக் களத்தைத் தாண்டிப் போனா, வரிசையா தென்னை மரம் நிக்கும். லயம் இருந்த இடம் அதுதான். வீடு எல்லாம் போயிடுச்சு, தென்னையும் ரெண்டு மாமரமும் மட்டும் மிச்சம். எங்க வீடு மூணாவது தென்னைக்கு நேரா இருந்துச்சு. அங்க போனா கால் தானா நிக்கும். புதுசா வர்றவங்களுக்கு இந்தப் பாதை போதும்.

ரெண்டாவது 5 கிலோமீட்டர், மூணு மேடு. தெற்குக் கெடாவுல நிலம் இப்படித்தான், ஏறி இறங்கி, ஏறி இறங்கி அலை மாதிரி போகும். முன்ன பால் மரம், இப்போ செம்பனை. மூணாவது மேட்டு உச்சியில நின்னு வடக்கே பார்த்தா குனோங் ஜெராய் தெரியும். 1,217 மீட்டர் உயரம். அந்தக் காலத்துல வங்கக் கடலைத் தாண்டி வந்த கப்பல்காரங்களுக்கு இந்த மலைதான் அடையாளம். அதோட அடிவாரத்துல, மெர்போக்ல, நம்ம முன்னோர் கும்பிட்ட சண்டி புக்கிட் பத்து பஹாட் கோயில் இடிபாடு இன்னும் இருக்கு. காலையில மஞ்சு விலகி மலை தெரியறப்போ கை தானா கும்பிடும்.

அந்த மேட்டுலதான் அப்பா காண்டாவுல ரெண்டு வாளி பாலைச் சுமந்துக்கிட்டு இறங்குவாரு. பால் சிந்தாம, சின்னச் சின்ன அடியா வைப்பாரு. முதல் தடவை அங்க ஓடினப்போ பாதியிலேயே மூச்சு முட்டி உட்கார்ந்துட்டேன். அப்புறம்தான் அப்பா நடை ஞாபகம் வந்துச்சு. இப்போ ஏறும்போதும் இறங்கும்போதும் அதே சின்ன அடிதான். இறக்கத்துல வேகமா போனா முட்டிதான் வாங்கும்.

மூணாவது 8 கிலோமீட்டர். தோட்டத்தைத் தாண்டி, கம்போங் ஓரமா இருக்கற சிறு ரப்பர் தோட்டங்கள் வழியா போகும். தைப்பூசம் நெருங்க நெருங்க ரப்பர் இலை சிவந்து கொட்டும். பாதை பூரா காஞ்ச இலை, மிதிச்சா சரக் சரக்னு சத்தம். வழியில ஒரு பாக் சிக் மோட்டாரை நிறுத்திட்டு "ஜோகிங் கா?"ன்னு கேப்பாரு. மூணு வாரம் நான் வரலன்னு தெரிஞ்சதும், கடையில விசாரிச்சாராம். அவருக்கும் சீனிதானாம்.

கொஞ்சம் கவனமும் வேணும். தோட்டம் தனியார் இடம், காவலர்கிட்ட சொல்லிட்டுத்தான் உள்ள போகணும். மற்ற நாள்ல குலை ஏத்தற லோரி வரும், அதனால ஞாயித்துக்கிழமைதான் நல்லது. வெட்டிப் போட்ட மட்டைக் குவியல்ல கால் வைக்காதீங்க, எலியைத் தேடி பாம்பு வரும். மழைக்கு அப்புறம் செம்மண் வழுக்கும். இனிப்பு நீர் உள்ளவங்க பையில ரெண்டு மிட்டாய் இல்லாம ஓடவே கூடாது.

சரி, அந்த அக்கா விஷயத்துக்கு வர்றேன். போன மாசம் அன்னதானத்துக்குக் காய் வெட்டிக்கிட்டு இருந்தப்போ அவங்ககிட்ட எல்லாத்தையும் சொன்னேன். அவங்க அனுமதியோடதான் இங்க எழுதறேன். கத்தியைக் கீழ வச்சுட்டு என்னையே பார்த்தாங்க.

"தம்பி, இதை ஏன் அப்பவே சொல்லல? நான் ஒரு வருஷமா அந்தத் தண்ணியைத் தீர்த்தம்னு பாட்டில்ல வச்சிருக்கேன்."

எனக்குப் பதில் வரல. வெட்டின கேரட்டையே திரும்ப வெட்டிக்கிட்டு இருந்தேன். கோபமா எழுந்து போயிட்டாங்க. அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் இல்ல.

ரெண்டு நாள் கழிச்சு போன் பண்ணாங்க. "என் வீட்டுக்காரருக்கும் சீனி இருக்கு தம்பி. கேட்டா இல்லம்பாரு. ஞாயித்துக்கிழமை அவரையும் கூட்டிட்டுப் போ." இப்போ அண்ணன் முதல் பாதையில நடக்கிறாரு. ஓடச் சொன்னா முறைக்கிறாரு, ஆனா வர்றாரு.

முருகன் மேல எனக்கு நம்பிக்கை குறையல. அன்னிக்கு சிரப் தண்ணியோட வந்த அந்தத் தம்பி ரூபத்துலதான் அவன் வந்தான்னு இப்போ நினைக்கிறேன்.

உங்ககிட்ட நான் கேக்கறது ரெண்டே விஷயம்தான். விரதம் இருந்து காவடி, பால்குடம் எடுக்கறவங்க, தேர் இழுக்கறவங்க, மாத்திரை சாப்பிடறவரா இருந்தா இப்பவே டாக்டரைப் பார்த்து, எப்போ சாப்பிடணும், மாத்திரை எப்படிப் போடணும்னு கேட்டுக்குங்க. தொண்டர்கள்கிட்டயும் சொல்லி வைங்க, வெட்கப்படாதீங்க. யாராவது விழுந்தா திருநீறு பூசுங்க, கூடவே அவருக்கு என்ன நோய்னு விசாரிங்க.

ரெண்டாவது, ஞாயித்துக்கிழமை மார்கழி பூசை முடிஞ்சதும், வெளிச்சம் வந்து, சரியா காலை 7.15க்கு கோயில் வாசல்ல இருந்து கிளம்பறோம். ஓட முடியலன்னா நடங்க. பழைய சப்பாத்து போதும். முடிச்சுட்டு வந்து எல்லாரும் சேர்ந்து பசியாறலாம். தே ஓ மட்டும் கோசோங், சொல்லிட்டேன்.

இந்த வருஷமும் தேர்க் கயிறு பிடிப்பேன். டாக்டர் சொன்னபடி சாப்பிட்டுட்டுத்தான் பிடிப்பேன்.

முருகா சரணம்.