பேட்டரி மேல் பழி

மரக்காணம் உப்பளங்களைப் பற்றி எழுத வருகிறவர்கள் பாத்தியையும் வெயிலையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அந்த உப்பைச் சுமக்கும் வண்டிகளின் பாட்டை யாரும் எழுதுவதில்லை. நண்பர் சொல்லி, கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியன் பட்டறைக்குப் போனேன்.

உப்பு மூட்டை ஏற்றும் குட்டி யானை வண்டி ஒன்று நின்றிருந்தது. செல்ஃப் இழுக்கவில்லை. புது பேட்டரி போட்டுச் சில மாதம்தான் ஆகிறதாம். ஓட்டுநர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். "பேட்டரி மேல பழி போடாத தம்பி, இரு" என்றார் பட்டறை அண்ணன்.

முதலில் ஹைட்ரோமீட்டரை எடுத்தார். ஆறு மூடியையும் திருகி, ஒவ்வொரு செல்லிலும் ஆசிட்டை உறிஞ்சி, மிதவையைக் கண்மட்டத்துக்குத் தூக்கிப் பார்த்தார். எல்லாம் 1180, 1190. முழுச் சார்ஜ் என்றால் 1260-க்கு மேல் நிற்க வேண்டும். "ஒரு செல் மட்டும் இறங்கியிருந்தா பேட்டரி போச்சு சார். இது ஆறும் ஒண்ணா இறங்கியிருக்கு. சோறு போய்ச் சேரல."

பிறகு வேறொரு பேட்டரியிலிருந்து ஜம்பர் கொடுத்தார். கறுப்பு கிளிப்பை மட்டும் வண்டி பேட்டரியில் மாட்டாமல் இன்ஜின் உடம்பில் கடிக்க விட்டார். உடனே ஸ்டார்ட் ஆனது. ஜம்பரைக் கழற்றி, ஹெட்லைட்டைப் போடச் சொல்லி மீட்டர் வைத்தார். ஆல்டர்நேட்டரில் 14.3 வோல்ட்; பேட்டரியில் 13.5. மைனஸ் முனைக்கும் ஆல்டர்நேட்டர் உடம்புக்கும் நடுவே 0.8. அங்கே 0.2-க்கு மேல் காட்டினால் எர்த்தில் கோளாறு.

எர்த் கேபிளின் மேலுறை பளபளவென்றுதான் இருந்தது. பிளேடால் கீறினார். உள்ளே செம்புக் கம்பி பச்சைப் பொடியாய் உதிர்ந்தது. உப்பு ஈரத்தை இழுக்கும். உப்பு ஈரம் கம்பி இழைகளுக்குள் ஊடுருவிச் செம்பை அரிக்கும். கேபிளை மாற்றி, இணைப்புகளைச் சுரண்டி, வாசலின் தடவி விட்டார். உப்பளத்துப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரை பேட்டரியில் ஊற்றுவோரும் உண்டாம். அந்த உப்பு பிளேட்டையே தின்றுவிடும். டிஸ்டில்ட் வாட்டர்தான் ஊற்ற வேண்டும்.

சில நூறு ரூபாய் கேபிளோடு முடிந்திருக்க வேண்டிய வேலை. முன்பு போன கடையில் மீட்டர்கூட வைக்காமல் ஆயிரக்கணக்கில் புது பேட்டரியை விற்றிருக்கிறார்கள். பழைய பேட்டரியையும் தாங்கள் சொன்ன விலைக்கு எடுத்துக்கொண்டார்கள். அதில் உள்ள ஈயத்தை உருக்கித் திரும்பப் பயன்படுத்தலாம், அதற்குக் காசு உண்டு என்பது விற்றவருக்குத் தெரியும்; ஓட்டுநருக்கு யார் சொன்னது? ஐப்பசி, கார்த்திகை மழையில் உப்பளம் நின்றால் இந்த ஓட்டுநருக்கு உப்பு ஏற்றும் வாடகையும் இல்லை. இப்படிப்பட்டவர் தலையில் வேண்டாத பேட்டரியைக் கட்டுவது வியாபாரம் அல்ல, பிடுங்கல்.

கடற்கரை ஊர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பேட்டரியை மாற்றச் சொன்னால், இன்ஜின் ஓடும்போது மைனஸ் முனைக்கும் இன்ஜினுக்கும் நடுவே மீட்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் வேறு பட்டறைக்குப் போங்கள்.