கணக்கை விடலாமா?

பயோ மேத்ஸ் எடுத்த அக்கா மகள், "சித்தி, கணக்க விட்டுட்டு பியூர் சயின்ஸுக்கு மாறிக்கட்டுமா?" என்று கேட்கிறாள். முதல் டெஸ்டிலேயே திரிகோணமிதி காலை வாரிவிட்டதாம். நோட்டை வாங்கிப் பார்த்தேன். இரண்டு வரி சரியாகப் போகிறது, அப்புறம் ஒரே அடித்தல் திருத்தல், ஓரத்தில் பேனாவால் வரைந்த ஒரு பூ. பூ நன்றாகவே இருந்தது.

"நீட்டுக்குக் கணக்கு எதுக்கு?" என்கிறாள். நியாயம்தான். இயற்பியல், வேதியியல், உயிரியல் போதும். ஆனால் நீட் கைகொடுக்காமல் போனால்? பொறியியல் கட்-ஆஃப் 200இல் 100 கணக்குக்கே போகிறது.

இன்னொன்றையும் அவளிடம் காட்டினேன். பிளஸ் ஒன் கணக்குப் புத்தகத்தில் வெக்டரும் வகைக்கெழுவும் இரண்டாம் தொகுதியில்தான் வருகின்றன. இயற்பியலிலோ இரண்டாவது பாடத்திலேயே வந்துவிடுகின்றன. கணக்கு மிஸ்ஸிடமிருந்து தப்பினாலும் பிசிக்ஸ் சாரிடம் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான்! பாடமும் குறையாது. பியூர் சயின்ஸில் உயிரியல், தாவரவியல் விலங்கியல் என இரண்டாகப் பிரிந்து கணக்கின் இடத்தை நிரப்பிக்கொள்ளும்.

அதற்காக, பிடிக்காததைக் கட்டி இழு என்று நான் சொல்லவில்லை. மாமா சொல்கிற "ஊர் என்ன நினைக்கும்" எல்லாம் ஒரு காரணமே இல்லை. மாறுவதானால் காலாண்டுக்கு முன்பே மாறட்டும், அதற்குப்பின் விட்ட பாடத்தைப் பிடிப்பது பெரும்பாடு. அதுவரை கணக்கைப் பொறுமையாகச் சொல்லித்தர தாம்பரம் பக்கம் யாராவது இருந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். தமிழ் வழி.