மச்சானின் முடிவு

"சிறுநீரகங்கள் ஏறக்குறைய செயலிழந்துவிட்டன, டயாலிசிஸ் பற்றி வீட்டில் கலந்து சொல்லுங்கள்" என்று மருத்துவர் கூறிய அன்றிரவு, திருச்செங்கோட்டில் என் தமக்கையின் இல்லத்தில் மஷ்வரா கூடியது. மச்சான் முப்பதாண்டுகள் ரிக் வண்டியில் ஊர் ஊராகச் சென்று பாறையைத் துளைத்து நீர் கண்டவர். அவரை உள்ளறையில் உறங்கச் செய்துவிட்டு, அவருடைய உடலைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். அரபியில் இச்சிகிச்சையைக் 'கஸீலுல் குலா' என்பர். குஸ்லுக்கும் அதுவே வேர்ச்சொல் என்று விளக்கினேன். வாரத்திற்கு எத்தனை முறை என்று மருமகள் கேட்டபோது விழித்தேன்.

மறுவாரம் ஈரோட்டு மருத்துவமனையொன்றில் செவிலியர் ஒருவர், "நோயாளி எங்கே?" என்றுதான் முதலில் கேட்டார். வெளியே பெஞ்சில் அமர்த்தியிருந்தோம்! 'அஷ்ஷூரா' அத்தியாயத்தை ஆண்டுக்கணக்கில் ஓதிக்கொடுத்த எனக்குத் தலை தாழ்ந்தது.

மச்சானை அருகமர்த்தி அவர் நிதானமாக விளக்கினார். இயந்திரத்தின் வழியே இரத்தத்தைச் சுத்திகரிப்பதாயின் பெரும்பாலும் வாரம் 3 முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 4 மணி நேரம். அதற்குக் கையில் தமனியையும் சிரையையும் இணைக்க வேண்டும். அது பக்குவப்பட வாரங்கள் பிடிக்கும். அந்தக் கையில் ஊசி போடவோ இரத்த அழுத்தம் பார்க்கவோ விடக் கூடாது. வயிற்றின் வழியே செய்வதாயின் வீட்டிலேயே நாளுக்குச் சில முறை, சுமார் 2 லிட்டர் திரவத்தை ஏற்றி இறக்க வேண்டும். 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் அந்தப் பைகளை வீட்டுக்கே தருகிறார்கள். இரண்டும் வேண்டாமென்றாலும் மூச்சுத்திணறலையும் அரிப்பையும் தணிக்கும் சிகிச்சை தொடரும். யாரும் கைவிட மாட்டார்கள். மாற்றுச் சிறுநீரகத்தைப் பற்றியும் சொன்னார். (2025-இல் பள்ளிபாளையத்து விசைத்தறித் தொழிலாளர் சிறுநீரகம் விற்ற செய்தி வந்த நாள்முதல் அச்சொல்லைக் கேட்டாலே எங்கள் பக்கத்தில் முகம் சுளிக்கிறார்கள். விற்பது 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். உறவினர் மனமுவந்து அளிப்பது வேறு.)

பிறகு, "நான் சொன்னதை உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள் பாய்" என்றார். மதரஸாவில் பாடம் ஒப்புவிக்கச் சொல்வோமே, அதே முறை. மச்சான் இரண்டிடத்தில் தடுமாறினார். செவிலியர் சலிப்பின்றி மீண்டும் விளக்கினார்.

"நோன்பு?" என்றார் மச்சான்.

"நோன்பு உடம்பை என்ன செய்யும் என்று நான் சொல்வேன், மார்க்கத்தை இவரிடம் கேளுங்கள்" என்று என்னைக் காட்டினார். தீராத நோயாளிக்கு நோன்புக்கு ஈடாக ஃபித்யா உண்டு, தொழுகையை அமர்ந்தோ படுத்தோ நிறைவேற்றலாம் என்றேன். அன்று நான் பயன்பட்டது அவ்வளவே.

"வயிற்று வழியே பார்க்கிறேன். சேற்றில் பழகிய கை, இனிக் கழுவிப் பழகட்டும். ஒத்துவராவிட்டால் மாற்றலாமா?"

"மாற்றலாம். நிறுத்தவும் உங்களுக்கு உரிமை உண்டு."

இப்போது பை மாற்றும் வேளையில் சன்னலை அடைத்து, வைகாசி வெயிலிலும் மின்விசிறியை நிறுத்திவிடுகிறார். நான் போனால் வாசலிலேயே நிற்க வேண்டும். "கை கழுவியாயிற்றா ஹஜ்ரத்?" என்று உள்ளிருந்து குரல் வருகிறது.