ஒரு சாண் நுரை

நுரைக்கு என்றைக்கும் மரியாதை கிடையாது. தெற்கு கொல்கத்தாவின் டாக்குரியாவில், துணி துவைத்த வாளியிலிருந்து சாக்கடைக்குப் போகும் நுரையை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் சற்று வடக்கே, பாலிகஞ்ச் பகுதியின் தாம்ர பவனில் கதையே வேறு. 1967ல் தொடங்கப்பட்ட ஹிந்துஸ்தான் காப்பர் நிறுவனத்தின் தலைமையகம் அது. நுரை சரியாகப் பொங்கினால்தான் அதற்குப் பிழைப்பு.

காரணம், இந்தியத் தாதுவில் தாமிரம் ஏறக்குறைய நூற்றுக்கு ஒரு பங்குதான். மீதியெல்லாம் கல். மத்தியப் பிரதேசத்தின் மலாஞ்ச்கண்டில் 1982ல் இந்த நிறுவனம் தொடங்கிய சுரங்கத்துத் தாதுவும் அப்படித்தான். அதை மாவாக அரைத்து, நீரில் கலக்கி, பைன் எண்ணெய் போன்ற நுரையூட்டியும் சாந்தேட் ரசாயனமும் சேர்த்துக் காற்றை ஊதுவதே நுரை மிதப்பு முறை. சாந்தேட் பூசிய தாமிரத் துகளுக்குத் தண்ணீர் பிடிக்காது. குமிழியில் ஒட்டிக்கொண்டு மேலே வரும். கல்தூள் கீழேயே தங்கும்.

பிளஸ் டூ புத்தகம் இத்துடன் முடிந்துவிடும். சிக்கல் ஆரம்பிப்பதோ இங்கேதான். தொட்டியின் விளிம்பைத் தாண்டுமுன் குமிழி உடைந்தால், சுமந்து வந்த தாமிரம் நழுவிக் கீழே விழக்கூடும். குமிழிகளுக்கு இடையே உள்ள தண்ணீர் முழுவதும் வடியாவிட்டால், கல்தூளும் கூடவே வந்துவிடும்.

இதற்குக் கணக்கு உண்டா? நுரையில் மூன்று படலங்கள் 120 டிகிரி கோணத்தில்தான் சந்திக்கும் என்று 1873ல் புத்தகம் எழுதியவர் பெல்ஜியத்தின் ஜோசப் பிளாட்டோ. அப்போது அவருக்குப் பார்வை இல்லை. அந்தச் சந்திப்புகளில் ஓடும் மெல்லிய வாய்க்கால்கள் வழியாகத் தண்ணீர் வடிவதைச் சமன்பாடுகளில் அடக்கியவர்களில் முக்கியமானவர்கள் லண்டன் இம்பீரியல் கல்லூரியின் யான் சிலியர்ஸ், ஸ்டீபன் நீத்லிங். ஊதிய காற்றில் எவ்வளவு பங்கு உடையாத குமிழியாக விளிம்பைத் தாண்டுகிறது என்பதே அவர்கள் பார்க்கும் அளவுகோல்.

காற்று குறைந்தால் நுரை நகராமல் நின்று உடைகிறது. மிஞ்சினால், சுமை குறைந்த குமிழிகள் பலமிழந்து உடைகின்றன. இரண்டுக்கும் நடுவே உள்ள உச்சத்தில்தான் தாமிரம் அதிகம் கிடைக்கிறது. நுரையின் நிறத்தையும் குமிழியின் அளவையும் பார்த்தே வால்வைத் திருப்பிய அனுபவசாலித் தொழிலாளியின் கண்ணுக்குத் துணையாக, பல நாட்டு ஆலைகளில் இன்று காமிராவும் தொட்டிமேல் நிற்கிறது.

மலையை உடைத்து, மின்சாரத்தைக் கொட்டி அரைத்த பிறகு, தாமிரம் உலைக்குப் போகுமா கழிவுக் குட்டைக்குப் போகுமா என்பது கடைசி ஒரு சாண் நுரையில்தான் முடிவாகிறது. தோண்டிய மலை மறுபடி முளைக்காது. உடையும் குமிழியை எண்ணிப் பார்ப்பது வீண்வேலை அல்ல.