வைக்கோல் போருக்குப் பின்னால்

'ஃபன்றி' படத்தைப் பார்க்கச் சொன்னால் தோழர்கள் முதலில் அந்தப் பெயருக்கு அர்த்தம் கேட்கிறார்கள். பன்றிதான். கைக்காடி மக்களின் பேச்சு தமிழுக்கு நெருங்கிய உறவு. மராத்திப் படத்தின் தலைப்பு நமக்குச் சட்டென்று புரிந்துவிடுகிறது.

நாகராஜ் மஞ்சுளேயின் முதல் முழுநீளப் படம். 2014 பிப்ரவரி 14, காதலர் தினத்தன்று திரைக்கு வந்தது. கைக்காடிச் சிறுவன் ஜப்யாவுக்குக் கூடப் படிக்கும் ஆதிக்கச்சாதிப் பெண் ஷாலு மேல் ஆசை. கருப்புக் குருவியை எரித்த சாம்பலைத் தூவினால் அவள் மயங்கிவிடுவாள் என்று நம்பி, நண்பன் பிர்யாவோடு உண்டிவில்லைத் தூக்கிக்கொண்டு அலைகிறான். மூக்கு கூராக வேண்டுமென்று கிளிப் மாட்டிக்கொள்கிறான். ஜீன்ஸ் வாங்க ஐஸ் விற்கிறான். அவளிடம் மட்டும் பேசுவதில்லை.

குழந்தைகளின் தனிமை என்றால் அப்பா அம்மா வேலைக்குப் போய்விட்ட வீட்டைத்தான் நினைக்கிறோம். ஜப்யா வீடு நிறைய ஆட்கள். அவனுடைய தனிமை ஊர் கொடுத்தது.

தர்மபுரி இளவரசன் இறந்ததும் 2013-ல்தான். சாதி ஆணவக் கொலைகளைப் பற்றி நாம் ஓயாமல் பேசுகிறோம், பேசத்தான் வேண்டும். ஆனால் சொல்லாமலே செத்துப்போன காதலை விசாரிக்க எந்த உண்மை அறியும் குழுவும் போனதில்லை.

எனக்கு அது எட்டாம் வகுப்பு. கணக்குப் பரீட்சையில் காம்பஸ் கொடுத்தாள் ஒருத்தி. அதற்காக இரண்டு வாரம் எண்ணெய் தடவி வகிடெடுத்துப் போனேன். ஒரு சாவுக்கு ஆள் குறைகிறதென்று அப்பா என்னையும் பறையோடு கூட்டிப்போனார். அவள் தெரு. திண்ணையில் நின்றிருந்தாள். பறையை வைத்துவிட்டு வைக்கோல் போருக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டேன். அப்பா பார்த்தார், கூப்பிடவில்லை. என் அடியையும் சேர்த்து அவரே அடித்தார். ராத்திரி ஒரு வார்த்தை திட்டவில்லை.

படத்தில் குடும்பமே ஊருக்குள் பன்றி பிடிக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் வேடிக்கை பார்க்க, ஜப்யா ஒளிகிறான். அப்பா கச்ரு இழுத்துப்போட்டு அடிக்கிறார். நடுவில் தேசிய கீதம் ஒலிக்க, அசையாமல் நிற்கிறார்கள். பன்றி ஓடிவிடுகிறது. பிறகு பிடித்த பன்றியைக் கம்பில் கட்டி, அம்பேத்கரும் புலேயும் வரைந்திருக்கும் பள்ளிச் சுவரைக் கடந்து தூக்கிப்போகிறார்கள். பார்க்கிறவர்களுக்குக் கச்ரு மேல் கோபம் வரும். எனக்கு வருவதில்லை. பறை விடுதலையின் இசை என்று எத்தனையோ மேடைகளில் பேசிவிட்டேன். வைக்கோல் போரைப் பற்றிச் சொன்னதில்லை.

கடைசியில் ஜப்யா எறியும் கல் திரையைத் தாண்டி நம் மேல் வருகிறது. போன மாதம் மாலைப் பள்ளியில் போட்டுக் காட்டியபோது பிள்ளைகள் விசிலடித்தார்கள். ஒரு பையன் மட்டும், "அண்ணே, அந்தக் கல்லு ஷாலு மேலயும் படுமா? அவளும் அங்கதான நின்னா?" என்று கேட்டான்.

வேறு யாரோ கூப்பிட, அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.